பார்க்காமல் சொன்ன பதில்

முதலில் அது எந்திரத்துத் தண்ணீர் என்றுதான் அவள் நினைத்தாள்.

கண்ணாடிக் கடையின் பின்னறையில் அவளுக்கு வேலை. வட்டமாக வரும் லென்ஸைச் சாணைச் சக்கரத்தில் பிடித்து, ஃபிரேமின் வடிவத்துக்குத் தேய்த்து, உள்ளே உட்கார வைக்க வேண்டும். சக்கரம் சூடாகாமல் இருக்க அதன்மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். எவ்வளவு ஒதுங்கி நின்றாலும் மேலே தெறிக்காமல் விடாது. அதற்காகத் தடித்த ரப்பர் ஏப்ரன் ஒன்று கொடுத்திருந்தார்கள். முதலாளி அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. ‘மில்லிமீட்டர்’ என்பார். “நம்ம மில்லிமீட்டர் போட்ட லென்ஸைக் கழட்டவே மனசு வராதுங்க” என்று வாடிக்கையாளர்களிடம் பெருமையடிப்பார்.

அன்று மதியம் சாப்பிடப் போகும்போது ஏப்ரனைக் கழற்றினாள். மேல்சட்டையில் இரண்டு பக்கமும் ஈரம். ஏப்ரனின் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். காய்ந்து கிடந்தது. எந்திரத்துத் தண்ணீர் ரப்பரைத் தாண்டி எப்படி வரும்?

கழிவறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டு பார்த்தாள். லேசாக அழுத்தியதும் வெள்ளையாக ஒரு சொட்டு வந்து நின்றது. விரலில் எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்தாள். பால். பிள்ளையே பெறாத உடம்பில் பால்.

மாதவிலக்கு சில மாதங்களாகவே வரவில்லை. அந்த நினைப்பு வந்ததும் முகத்தில் தன்னையறியாமல் ஒரு சிரிப்பு படர்ந்தது. மறு நிமிடமே அது மறைந்தது. இது நிஜம்தானா? இல்லை, அதுவா?

‘அது’ என்றுதான் வீட்டில் சொல்வார்கள். இரண்டு வருடங்களுக்கு முன் அவளுக்குக் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் அவளைப் பற்றியே பேசினார்கள். அவள் தலை வாருவதை, அவள் சோறு போடுவதை, ஒன்றுவிடாமல் ஏளனமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பக்கத்து வீட்டுக் கதவை இடித்துச் சண்டை போட்டாள். சாப்பாட்டை நிறுத்தினாள். என் ரத்தமெல்லாம் தண்ணீராகப் போய்விட்டது, கையைக் கீறிப் பார்த்தால் தெரியும் என்று ஒருநாள் கத்தியை எடுத்துவிட்டாள். கணவன் அதைப் பிடுங்கியபோது அவன் உள்ளங்கை கிழிந்தது.

மனநல டாக்டர் ஹாலோபெரிடால் கொடுத்தார். “ரொம்பப் பழைய மருந்து. ஆனா கை விடாது” என்றார். கை விடவில்லை. ஆரம்பத்தில் ஓரிடத்தில் உட்கார முடியாமல் கால் பரபரத்தது. கை மரத்துண்டு போல இறுகியது. அந்த இறுக்கத்துக்கென்று இன்னொரு மாத்திரை சேர்ந்தது. வாய் உலர்ந்தது. ஆனால் குரல்கள் ஒவ்வொரு நாளும் ஒரு அடி பின்னால் நகர்ந்து, ஒரு காலையில் அடியோடு இல்லாமல் போயின. அன்று அவள் சுவரோரம் நின்று, அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் கழுவும் சத்தத்தை மட்டும் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். வெறும் பாத்திரச் சத்தம். அவளைப் பற்றி அதற்கு ஒரு கருத்தும் இல்லை.

டாக்டர் அவளுக்கு ஒரு வழியும் சொல்லிக் கொடுத்திருந்தார். “எதாவது கேட்டு, இது நிஜமான்னு சந்தேகம் வந்தா, நீங்க நம்புற ஒருத்தர்கிட்ட கேளுங்கம்மா. அவங்களுக்கும் கேட்டா நிஜம். இல்லைன்னா விட்டுடுங்க.” அவள் நம்பியது கணவனை. அவன் லிஃப்ட் மெக்கானிக். வேலையில் எதையும் கண்ணால் பார்க்காமல் கையெழுத்துப் போடாதவன். “யாராவது கூப்பிட்டாங்களா?” என்று அவள் கேட்டால், ஓடுகிற மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பான். அப்புறம்தான் பதில் சொல்வான். “இல்ல, யாரும் கூப்பிடல.” சில நேரம், “ஆமா, கீழ் வீட்டுக்காரர். இரு, என்னன்னு கேட்டுட்டு வரேன்.” அவன் ‘ஆமா’ என்றால் ஆமா, ‘இல்ல’ என்றால் இல்லை. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் மறுபடி உலகத்துக்குள் நடந்து வந்தாள்.

மருந்துக் கடையில் கர்ப்பம் பார்க்கும் பட்டை வாங்கிச் சோதித்தாள். ஒரே கோடு. கர்ப்பம் இல்லை. அதைக் கணவனிடம் காட்டினாள். அவன் தலையாட்டிவிட்டு, “சரி விடு, பாத்துக்கலாம்” என்றான். மேல்சட்டை மட்டும் மறுநாளும் நனைந்தது.

அன்று மாலை அவன் வேலையிலிருந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான். எதிரே போய் நின்றாள்.

“ஏங்க, ஒண்ணு கேக்கணும்.”

“கேளு.”

“எனக்கு மார்ல பால் வருதுங்க. நிஜமாவே வருதா, இல்ல எனக்குத்தான் அப்படித் தோணுதான்னு தெரியல. நீங்க பாத்துச் சொல்லுங்க.”

அவன் கை ஷூவின் நாடாவிலேயே நின்றுவிட்டது. தலையை நிமிர்த்தவில்லை. தண்ணீராகிப் போன ரத்தமும், கத்தியும், பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலில் கூடி நின்ற அந்த நாளும் ஒன்றாக வந்து அவன் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தன. மறுபடியும் முதலிலிருந்தா?

“இல்ல” என்றான்.

“பாக்காமலே சொல்றீங்களே?”

“பாக்க என்ன இருக்கு? அதான் டெஸ்ட்ல இல்லைன்னு வந்துடுச்சே. அப்புறம் பால் எங்கேர்ந்து வரும்? அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. நீ மனசைப் போட்டுக் குழப்பிக்காத.”

 “சரிங்க” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

மறுநாள் ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில், லிஃப்ட் மோட்டார் அறைக்கு வெளியே நின்றுகொண்டு அவன் டாக்டருக்கு ஃபோன் செய்தான். டாக்டர் ஏதோ கருத்தரங்குக்கு வெளியூர் போயிருந்தார்.

“டாக்டர், மறுபடியும் ஆரம்பிச்சிடுச்சு போல இருக்கு. கர்ப்பமா இருக்கோம்னு நெனைக்கறா. டெஸ்ட் பண்ணியாச்சு, இல்ல. இருந்தாலும் உடம்புல என்னென்னமோ ஆகுதுங்கறா.”

“என்னென்னமோன்னா?”

பால் என்ற சொல்லை இன்னோர் ஆணிடம் சொல்ல அவனுக்கு நா எழவில்லை. “அதான், முன்னாடி ரத்தம் தண்ணியாப் போச்சுன்னாளே, அந்த மாதிரி” என்றான்.

டாக்டர் ஒரு கணம் யோசித்தார். மாலையில் போடும் ஹாலோபெரிடாலை இரட்டிப்பாக்கச் சொன்னார். தான் திரும்பியதும் அழைத்து வரும்படி சொல்லி ஃபோனை வைத்தார்.

கணவன் எடுத்துக் கொடுத்த இரண்டு மாத்திரைகளையும் அவள் மறுபேச்சுப் பேசாமல் விழுங்கினாள். சட்டைக்குள் பழைய துணியை நான்காக மடித்து வைத்துக்கொண்டாள். குளிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டாள். நனைந்த துணியைப் பார்க்காமலேயே அலசிக் காயப்போட்டாள். இது இல்லை, இல்லாதது கண்ணுக்குத் தெரிகிறது, பொருட்படுத்தக் கூடாது. குரல்களை அப்படித்தானே துரத்தினாள்? ஆனால் மருந்து ஏற ஏற ஈரமும் ஏறியது. துணி போதாமல் போயிற்று.

அவள் முகம் இறுகிக்கொண்டே வந்தது. யாராவது நகைச்சுவையாகப் பேசினால் மனசுக்குள் சிரிப்பாள், உதடு ஒத்துழைக்காது. நடக்கும்போது கை வீசாமல் உடம்போடு ஒட்டிக்கொண்டது. கடையில் லென்ஸ்கள் ஓரம் உடைந்தன. ஒருநாள் கிழவர் ஒருவருக்கான கனத்த லென்ஸைச் சாய்வாகத் தேய்த்து வைத்துவிட்டாள். முதலாளி அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபமே படவில்லை. அதுதான் அவளை உறுத்தியது.

“கொஞ்ச நாள் வீட்ல இரும்மா. உடம்பு சரியானதும் வா. உன் எந்திரத்தை யாரும் தொட மாட்டாங்க.”

அன்றைக்கு அவர் மில்லிமீட்டர் என்று சொல்லவில்லை.

இரண்டு தெரு தள்ளி கணவனின் அக்கா இருந்தார். தையல்காரி. மூன்று பிள்ளைகளைப் பெற்று ஆளாக்கியவர். வாயைத் திறந்தால் தெருமுனை வரை கேட்கும். தம்பி மனைவியின் நோயைப் பற்றி அவருக்கென்று ஓர் அபிப்பிராயம் இருந்தது. வேலை வெட்டி இல்லாத மூளைதான் இப்படியெல்லாம் யோசிக்கும் என்பது அது. அதனால் அவள் வேலைக்குப் போகவில்லை என்று தெரிந்ததும் ஆளனுப்பிக் கூப்பிட்டார்.

“வீட்ல உக்காந்து சுவரைப் பாத்துக்கிட்டிருக்க வேணாம். இங்க வந்து பொத்தான் தை. அப்படியே உனக்கும் ரெண்டு சட்டைக்கு அளவு எடுத்துடறேன். போட்டிருக்கறதைப் பாரு, தலையணைக்கு உறை போட்ட மாதிரி.”

அவள் லேசாக உதட்டை அசைத்தாள். அது சிரிப்பு என்று நாத்தனாருக்குத் தெரியவில்லை.

“நேரா நில்லு. கையத் தூக்கு. எதுக்கு இப்படி விறைச்சுக்கிட்டு நிக்கற, நான் என்ன போலீஸா?” அளவு நாடாவை மார்பைச் சுற்றிக் கொண்டுவந்தவர் கையை வெடுக்கென்று எடுத்தார். நாடா நனைந்திருந்தது. “என்னது இது ஈரம்?”

“ஒண்ணும் இல்லண்ணி.”

“ஒண்ணும் இல்லையா? நாடா சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு!”

அவள் நாத்தனாரை ஏறிட்டுப் பார்த்தாள். “உங்களுக்குத் தெரியுதா அண்ணி?” என்றாள். நாக்கு தடித்துப் போயிருந்ததால் சொற்கள் மெதுவாக வந்தன. “உங்க கண்ணுக்கும் ஈரம் தெரியுதா?”

கேள்வியைவிட அதைக் கேட்ட குரல்தான் நாத்தனாரை என்னவோ செய்தது. கதவைச் சாத்தினார். திரையை இழுத்துவிட்டார். சட்டைப் பொத்தானைத் தானே கழற்றி, மடித்து வைத்திருந்த துணியை எடுத்து மோந்து பார்த்தார். மூன்று பிள்ளைகளுக்குக் கொடுத்தவருக்கு அதற்கு மேல் ஆராய்ச்சி தேவைப்படவில்லை.

“அடிப்பாவி, பால்டி இது! உண்டாயிருக்கியா?”

“இல்ல. பாத்தாச்சு. இல்லைன்னுதான் வந்துச்சு.”

“அவனுக்குத் தெரியுமா?”

“கேட்டேன் அண்ணி. அவர் அப்படி எதுவும் இல்லைன்னு சொல்லிட்டார். எனக்குத்தான் அப்படித் தோணுதுன்னு... அதான் மாத்திரையும் ஜாஸ்தி ஆக்கினாங்க.”

நாத்தனார் அப்படியே தையல் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பவள் என்று தான் சொன்னது அவர் காதிலேயே திரும்ப ஒலித்திருக்க வேண்டும்.  அப்புறம் தம்பிக்கு ஃபோன் போட்டார்.

“டேய், எங்க இருக்க? லிஃப்ட் தொங்கினா தொங்கட்டும். உடனே இங்க வா.”

அவன் பதறியடித்துக்கொண்டு வந்தபோது மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அக்கா அந்தத் துணியை அவன் கையில் திணித்தார்.

“தொட்டுப் பாரு. மோந்து பாரு. இவ என்ன, சொம்புல பாலை வாங்கி ஊத்திக்கிட்டாளா? பொண்டாட்டி பாத்துச் சொல்லுன்னு கேட்டா, பாத்துட்டுச் சொல்றதுக்கு என்னடா கேடு உனக்கு?”

அவன் துணியைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான். அவள் முகத்தில் கோபம் இருந்ததா என்று தேடினான். மருந்து இறுக்கிய அந்த முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. அதற்கும் தான்தான் காரணம் என்று அவனுக்கு உறைத்தது. அவள் எதிரே தரையில் உட்கார்ந்தான்.

“பயந்துட்டேன்மா” என்றான். “பாத்து... அங்க ஒண்ணும் இல்லாம இருந்தா என்ன பண்றதுன்னு பயந்துட்டேன்.”

அவள் அந்தத் துணியை அவன் கையிலிருந்து வாங்கினாள். “நான் உங்களை நம்பிட்டேங்க. என் உடம்பை விட்டுட்டு உங்களை நம்பிட்டேன்” என்றாள்.

டாக்டர் திரும்பி வந்திருந்தார். இந்த முறை மூன்று பேரும் போனார்கள். கணவன் பேச வாயெடுத்தபோது நாத்தனார் அவன் முழங்கையைக் கிள்ளினார். அவளே சொன்னாள், மெதுவாக, தலையைக் குனிந்துகொண்டு. பால் என்ற சொல் வந்ததுமே டாக்டரின் பேனா நின்றது.

“எத்தனை நாளா? நாளும் தள்ளிப் போயிருக்கா?” என்று கேட்டுவிட்டு, பதில் வந்ததும் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “இதை நான் அன்னைக்கு ஃபோன்லயே கேட்டிருக்கணும். முன்னாடியே, ஒவ்வொரு தடவை நீங்க வந்தப்பவும் கேட்டிருக்கணும். கேக்கல. தப்பு என்னோடதும்தான்.”

“எனக்கு என்ன டாக்டர் ஆச்சு?”

“சொல்றேன்மா. மூளைல டோபமைன்னு ஒண்ணு இருக்கு. ஒரு செல்லுல இருந்து இன்னொரு செல்லுக்குச் சேதி கொண்டுபோறது. உங்களுக்குக் குரல் கேட்டுச்சே, அங்க அது அளவுக்கு மீறி வேலை செஞ்சுது. ஹாலோபெரிடால், அந்தச் சேதி போய் இறங்க வேண்டிய இடத்துல தான் முந்தி உக்காந்துக்கும். சேதி வந்தாலும் இறங்க இடம் இருக்காது. அதனாலதான் குரல் நின்னுச்சு. ஆனா அந்த மருந்துக்கு இடம் பாத்து உக்காரத் தெரியாது. கை காலை அசைக்கிற இடத்துலயும் போய் உக்காரும். உங்க கை இறுகினது அதனாலதான். மூளைக்கு அடியில பட்டாணி அளவுல ஒரு சுரப்பி இருக்கு. பால் சுரக்க வைக்கிற ப்ரோலாக்டின் அங்கேர்ந்துதான் வரும். சாதாரணமா டோபமைன் அதை அதட்டி அடக்கி வெச்சிருக்கும். மருந்து அங்கயும் உக்காந்ததும் அதட்ட ஆளில்லாம போச்சு. ப்ரோலாக்டின் இஷ்டத்துக்கு ஏறுது. அது ஏறினா பாலும் வரும், மாதாமாதம் வர்றதும் நின்னுடும். குழந்தை உண்டாகாமலே.”

“அப்போ மாத்திரையை ரெண்டாக்கினது?”

“இன்னும் ஏத்தி விட்டுடுச்சு.”

அவள் தன் கைகளைப் பார்த்தாள். பிறகு முதல்முறையாக டாக்டரை நேருக்கு நேர் பார்த்துக் கேட்டாள்.

“அது நிஜமான பாலா டாக்டர்?”

“நிஜமான பால்தான்மா.”

“நான் உளறல.”

“ஒரு வார்த்தைகூட உளறல.”

இறுகிக் கிடந்த அந்த முகத்தில் எதுவும் அசையவில்லை. கண்ணிலிருந்து மட்டும் நீர் வழிந்துகொண்டே இருந்தது. நாத்தனார் தன் முந்தானையால் துடைத்துவிட்டுத் தானும் மூக்கைச் சிந்திக்கொண்டார்.

ரத்தப் பரிசோதனையில் ப்ரோலாக்டின் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. தைராய்டில் குறையில்லை. மூளைக்கு அடியிலுள்ள அந்தச் சுரப்பியில் கட்டி எதுவும் இருக்கிறதா என்று படம் எடுத்துப் பார்த்தார்கள், இல்லை. டாக்டர் ஏற்றிய அளவை முதலில் இறக்கினார். பிறகு புதிய மருந்து ஒன்றைக் கொஞ்சம் கொஞ்சமாக நுழைத்து, பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கினார். “மாறுற சமயத்துல குரல் தலைகாட்டலாம். ஒளிக்காம சொல்லணும்” என்று எச்சரித்திருந்தார்.

தலைகாட்டியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். கணவனைக் கூப்பிடலாமா என்று யோசித்தாள். கூப்பிட இப்போது தயக்கமாக இருந்தது. அவனே அதைக் கவனித்து அருகில் வந்தான்.

“என்ன கேக்குது?”

“அந்தப் பொம்பள. நான் உரிக்கறதைப் பத்தி என்னமோ சொல்றா.”

அவன் சுவரில் காதை வைத்துக் கேட்டான். வெளியே போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினான். திரும்பி வந்து சொன்னான். “அங்க பெரியவர் மட்டும்தான் இருக்கார். பேப்பர் படிச்சுக்கிட்டு இருக்கார். பொம்பளைங்க யாரும் இல்ல. எனக்குச் சத்தமும் கேக்கல.”

அவள் அவனை உற்றுப் பார்த்தாள். “நிஜமாவே போய்ப் பாத்தீங்களா?”

“பாத்தேன். காபி குடிக்கறியான்னு கேட்டார்.”

“சரி” என்று வெங்காயத்தைக் கையில் எடுத்தாள். முழுசாக நம்பினாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. கேட்கிற உரிமை தனக்கு இல்லை என்று மட்டும் தெரிந்தது. அதன்பிறகு ஒவ்வொரு தடவையும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னான். பெரியவருக்கே இது பழகிப்போய், கதவைத் திறந்ததும், “நான் ஒண்ணும் பேசலப்பா” என்பார்.

குரல் முழுதாகப் போகவில்லை. தூரத்தில் யாரோ வைத்த ரேடியோ போல, சில நாட்களில் மட்டும், சொல் விளங்காமல் முணுமுணுத்தது. பழைய மருந்தில் கிடைத்த அந்தச் சுத்தமான அமைதி இந்த மருந்தில் இல்லை. டாக்டர் இரண்டு மருந்துகளின் நல்லது கெட்டதையும் அவள் முன் வைத்தபோது, “இதுவே இருக்கட்டும்” என்றாள். முகம் இளகியது. கை வீசி நடந்தாள். கடைக்குத் திரும்பியபோது அவளுடைய எந்திரத்தின்மேல் முதலாளி ஒரு துணி போர்த்தி வைத்திருந்தார்.

பால் வற்றியது. அந்த வாரம் நாத்தனார் வீட்டில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தபோது அவள் திடீரென்று ஊசியைக் கீழே வைத்தாள்.

“இது போய்த் தொலையாதான்னு எத்தனை நாள் நெனச்சிருப்பேன் அண்ணி. இன்னைக்குச் சட்டை காஞ்சு கிடக்கறதைப் பாத்தா, எதையோ பறிகொடுத்த மாதிரி இருக்கு.”

நாத்தனார் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அவள் விட்ட பொத்தானைத் தான் எடுத்துத் தைத்தார்.

மாதவிலக்கும் திரும்ப வந்தது. அடுத்த முறை ஆஸ்பத்திரியில் அவளைக் கூப்பிட்டபோது கணவன் வழக்கம்போல் எழுந்தான்.

“நீங்க உக்காருங்க” என்றாள் அவள். “நான் போய்ப் பேசிட்டு வரேன்.”

கதவு அவள் பின்னால் சாத்திக்கொண்டது. அவன் எழுந்த நிலையிலேயே நின்றான். கூட வந்திருந்த நாத்தனார் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். “உக்காருடா. அவ வாய் அவகிட்டதான் இருக்கு.”

வெளியே வந்தவள் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். அவனும் நாத்தனாரும் பின்னால் வந்தார்கள். பஸ் வருவதற்குள் அவளே அவனிடம் சொன்னாள்.

“குழந்தை பெத்துக்கலாமான்னு கேட்டேன். மருந்தை நிறுத்தாமலே பெத்துக்க வழி இருக்காம். ஆனா முன்கூட்டியே சொல்லிட்டு, அவங்க கண்காணிப்புல இருக்கணுமாம். கஷ்டமும் இருக்குன்னார். யோசிக்கச் சொன்னார்.”

“நீ என்ன சொன்ன?” என்று அவன் கேட்டான்.

“யோசிக்கறேன்னு சொன்னேன்.” அவள் பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “உங்களையும் யோசிக்கச் சொல்லணும்னு நெனச்சேன். அவசரமில்ல. நல்லா யோசிச்சுட்டுச் சொல்லுங்க.”